மலிவான சென்ட்டில் இனிப்பும் பூவும்: நாலு பாட்டிலில் எதை எடுப்பது?

"இனிப்பா இருக்கணும், பூ வாசமும் வரணும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது." தங்கை போட்ட நிபந்தனை மூன்றே மூன்றுதான். இதில் எந்த இரண்டைக் கேட்டிருந்தாலும் அன்றைக்கே வாங்கிக் கொடுத்திருப்பேன். மூன்றும் ஒரே பாட்டிலில் வேண்டும் என்றதும், நாலு பாட்டிலை வரிசையாக வைத்துக்கொண்டு இரண்டு வாரம் மணிக்கட்டை மோந்தபடியே அலைய வேண்டியதாயிற்று.

இனிப்பு வாசம் மலிவு, பூ வாசம் மலிவில்லை. சிக்கலே அங்கேதான். ஒரு கிலோ மல்லிகையில் ஏறக்குறைய 8,000 முதல் 10,000 பூ இருக்கும். அப்படி 600, 700 கிலோ பூவைக் கரைப்பானில் போட்டு எடுத்தால் கடைசியில் தேறுவது ஒரு கிலோ சாறு. ரோஜா இன்னும் மோசம். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000, 4,000 கிலோ இதழைக் காய்ச்சி வடிக்க வேண்டும். சர்க்கரை வாசத்துக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. வனிலாவுக்கு உயிரான வனிலினை 1874-லேயே ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். பஞ்சு மிட்டாய் வாசம் தரும் எத்தில் மால்ட்டால் ஒரு வெள்ளைப் பொடி, ஆலையில் தயாராவது. 1992-இல் வந்த 'ஏஞ்சல்' என்ற பெர்ஃப்யூம் அந்தப் பொடியைத் தாராளமாகப் போட்டுக் காட்டியது. அதற்குப் பிறகு இனிப்பு வாசம் பெர்ஃப்யூமில் ஒரு தனிக் கட்சியாகவே வளர்ந்துவிட்டது.

ஆக, விலை குறைந்த பாட்டிலில் பூ மெலிந்திருக்கும், அந்த மெலிவை மறைக்க மேலே சர்க்கரை தூவியிருக்கும். இது எனக்குப் பட்ட பிறகு தெரிந்த விஷயம். முன்பு ஒருமுறை பெயரிலும் மல்லிகை, படத்திலும் மல்லிகை என்று ஒரு பாட்டில் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். அடித்தவுடன் குப்பென்று அப்படி ஒரு மணம்! பத்து நிமிஷம் ராஜபோகம். அரை மணி கழித்து லிஃப்டில் பக்கத்தில் நின்ற தோழி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "இப்பத்தான் தரை துடைச்சாங்களா?" என்றாள். துடைத்த தரை நான்தான் என்று சொல்லவில்லை.

நடந்தது என்னவென்றால், மல்லிகை வாசத்தில் பெரும் பங்கு பென்ஸைல் அசிடேட் என்ற பொருளுக்கு உண்டு. செயற்கையாகச் செய்ய மலிவு, ஆனால் லேசானது, சீக்கிரம் பறந்துவிடும். அது போன பிறகு பாட்டிலில் மிஞ்சுவது சோப்பிலும் துணி பவுடரிலும் தரை கழுவும் திரவத்திலும் போடுகிற அதே பூச்சரக்கு. நிஜப் பூவில் இதோடு இன்னும் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கின்றன. இண்டோல் என்று ஒன்று. தனியாகக் கெட்டியாக மோந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வோம், ஆனால் துளியூண்டு இருந்தால்தான் மல்லிகைக்கு உயிரே வரும். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் வயதுக்குத் தமிழில் ஏழு பெயர் இருக்கிறது. நிஜ மல்லிகை மொட்டாக இருக்கும்போது ஒரு வாசம், விரிந்ததும் ஒரு வாசம், வாடும்போது ஒரு வாசம். நான் வாங்கிய மல்லிகைக்கு இந்த வயசேறுகிற வேலையே இல்லை. மொட்டாகவே பத்து நிமிஷம் நின்றது, பிறகு மாப் வாளியாகிவிட்டது.

அதனால் இந்த முறை ஒரு கணக்கு போட்டுக்கொண்டேன். காசு குறைவாக இருந்தாலும் எதெல்லாம் கெட்டுப்போகாமல் வரும்? சர்க்கரை வரும், எத்தில் மால்ட்டால் எந்த விலைப் பாட்டிலில் இருந்தாலும் எத்தில் மால்ட்டால்தான். செயற்கைக் கஸ்தூரி, அதாவது மஸ்க், அதுவும் வரும். மூன்றாவதாக, பறித்தாலும் சாறு தராத பூக்கள். லில்லி ஆஃப் த வேலி, லைலாக் போன்ற பூக்களை எவ்வளவு பறித்துக் கொட்டினாலும் வாசனைத் தொழிலுக்கு உதவுகிற எண்ணெய் கிடைப்பதில்லை. பெரிய கம்பெனியானாலும் சின்னக் கம்பெனியானாலும் வேதிப்பொருள்களைச் சேர்த்துத்தான் அந்த வாசத்தைக் கட்ட வேண்டும். மல்லிகையிலும் ரோஜாவிலும் பணக்காரப் பாட்டிலோடு போட்டி போட்டுத் தோற்பதைவிட, இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிற மலிவு பாட்டிலை நம்பலாம்.

இந்தக் கணக்குக்கு அகப்பட்டவை நாலு. பிரிட்னி ஸ்பியர்ஸ் பெயரில் வரும் 'ஃபேன்டஸி', சாரா ஜெசிகா பார்க்கர் பெயரில் வரும் 'லவ்லி', அரியானா கிராண்டே பெயரில் வரும் 'கிளவுட்', கஷரெல் நிறுவனத்தின் 'அனாயிஸ் அனாயிஸ்'. முதல் மூன்றும் நட்சத்திரங்களின் பெயரை ஒட்டிக்கொண்டு வருபவை. அந்த வகை என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, நானும் சுளித்தவள்தான். ஆனால் பெயர் யாருடையதாக இருந்தாலும் உள்ளே கலவை போடுவது தொழில்முறைக் கலைஞர்கள். பெரிய விலைப் பெர்ஃப்யூம்களைக் கட்டுகிறவர்களும் அதே கூட்டம்தான்.

சோதித்த விதம் எளிது. தடித்த தாளைக் கீற்றுகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் எண் போட்டு, ஒரு அடி, அதாவது பாட்டிலை ஒருமுறை அழுத்துவது. பேனா வேண்டாம், மை வாசம் குறுக்கே வரும். அதே நாளில் ஒரு பாட்டிலை மட்டும் மணிக்கட்டில், ஒரு அடி கைக்குட்டையில். மோப்பம் பிடித்தது பத்தாவது நிமிஷம், ஒரு மணி, நாலு மணி, மறுநாள் காலை. ஒரே நாளில் நாலையும் கையில் அடித்துக்கொண்டால் தலைவலிதான் மிச்சம்.

'ஃபேன்டஸி' 2005-இல் வந்தது, கட்டியவர் ஜேம்ஸ் கிரிவ்டா. இளஞ்சிவப்புப் பந்து மாதிரி பாட்டில், மேலே பச்சைக் கற்கள். பொம்மைக் கடையிலிருந்து எடுத்து வந்தது போல இருக்கும். லிச்சி, கிவி, கப்கேக், வெள்ளைச் சாக்லேட், மல்லிகை, ஆர்க்கிட், மஸ்க் என்று பட்டியல் போடுகிறார்கள். அடித்த கணத்தில் கிவியின் புளிப்பும் லிச்சியின் நீர்த்த இனிப்பும் முன்னால் வரும். அந்தப் புளிப்பு ஐந்து நிமிஷம்கூட நிற்காது. பிறகு அடுப்பிலிருந்து இறக்கிய கேக்கின் மேல் இன்னும் உருகாத சர்க்கரைப் பூச்சு, அதுதான். மல்லிகை எங்கே என்று தேடினேன். தனியாகத் தெரியவில்லை. ஆனால் அது இல்லாமலும் இல்லை. கேக் வாசம் சமையலறை வாசமாகக் கனத்துவிடாமல் கொஞ்சம் காற்றோட்டம் கொடுக்கிறது. பூ இங்கே ஜன்னல் மாதிரி, ஜன்னலை யாரும் பார்க்க மாட்டார்கள், மூடியிருந்தால்தான் தெரியும்.

நாலாவது மணியில் மணிக்கட்டில் வெண்ணெய்யும் வனிலாவும் கலந்த மெல்லிய இனிப்பு இருந்தது. மறுநாள் காலை கைக்குட்டையில் அநேகமாக அதே வாசம் அப்படியே. நான் எதிர்பார்க்கவில்லை. காலையில் சொன்னதை இரவிலும் சொல்கிற பாட்டில் இது, 'நான் இனிப்பு' என்று தொடங்கி 'நான் இனிப்பு' என்றே முடிக்கிறது. திகட்டுமா என்றால் மூன்று அடிக்கு மேல் கட்டாயம் திகட்டும், அதுவும் மூடிய அறையில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு முதலில் திகட்டும். ஒரு அடி போதும், முடிந்தால் உடுப்பின் உள்பக்கம்.

'கிளவுட்' பற்றி நிறையச் சொல்ல எனக்கு இல்லை. 2018-இல் வந்தது, வெளிர்நீலக் குடுவை, கீழே மேகம் போல ஒரு வெள்ளைத் தாங்கி, அதைக் கழற்றி வைத்தால்தான் அலமாரியில் இடம் கிடைக்கும். பேரிக்காய், லாவெண்டர், அடித்த க்ரீம், தேங்காய், பிராலின் என்ற கொட்டை மிட்டாய். 2015-இல் வந்த 'பக்கரா ரூஜ் 540' என்ற பல மடங்கு விலையுள்ள பெர்ஃப்யூமுக்குத் தம்பி என்று இதைச் சொல்லாதவர் இல்லை. கருகிய சர்க்கரையும் காற்றாடும் மரவாசமும் சேர்கிற இடத்தில் அந்தச் சாயல் எனக்கும் தெரிந்தது. நன்றாகவே இருக்கிறது. நாலு மணி கழித்தும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் தங்கையின் இரண்டாவது நிபந்தனை பூ. இதில் பூவைக் கண்டுபிடிக்க நான் இரண்டு நாள் முயன்றேன், வனிலா ஆர்க்கிட் என்று எழுதியிருந்த இடத்தில் வனிலாதான் அகப்பட்டது. இனிப்பு மட்டும் கேட்டிருந்தால் 'ஃபேன்டஸி'யைவிட இதைத்தான் வாங்கியிருப்பேன், நிதானம் அதிகம்.

'அனாயிஸ் அனாயிஸ்' நேர் எதிர்த் துருவம். கஷரெலின் முதல் பெர்ஃப்யூம், 1978. பூப்போட்ட வெள்ளைப் பாட்டில், உள்ளே இருப்பது வெளியே தெரியாது. வெளிச்சம் பட்டால் வாசம் கெடும் என்பதால் அந்தப் பாட்டில் அழகுக்கு மட்டும் இல்லை, காவலுக்கும்தான். உள்ளே லில்லி, ஹயசின்த், லில்லி ஆஃப் த வேலி என்று ஒரு வெள்ளைப் பூக்கூட்டம். நான் மேலே சொன்ன மூன்றாவது வழி இதுதான்: எப்படியும் கட்டித்தான் ஆக வேண்டிய பூக்கள், அதனால் குறைந்த விலையிலும் வெட்கப்படாமல் நிற்கிறது. முதல் பத்து நிமிஷம் தண்ணீர் தெளித்த தண்டை ஒடித்து மோந்தது போல ஒரு பச்சை வாசம். பிறகு பூ. நாலு பாட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு 'பூ' என்று சொல்ல முடிந்தது இதை மட்டும்தான்.

குறை என்றால் இரண்டு. இனிப்பு என்பது பேருக்குத்தான், தேன்துளி அளவு. இரண்டாவது, என் கையில் மூன்று மணி நேரத்தில் அடங்கி, தோலோடு மூக்கை வைத்தால்தான் தெரிந்தது. இது ஓ டி டாய்லெட், மற்ற மூன்றும் ஓ டி பார்ஃபம். வாசனைச் சரக்கு முன்னதில் சுமார் 5 முதல் 15 சதவீதம், பின்னதில் 15 முதல் 20 என்பது தொழில் வழக்கம். ஆனால் சதவீதம் மட்டுமே காரணம் இல்லை. பச்சை வாசமும் பூ வாசமும் லேசான பொருள்கள், சீக்கிரம் கிளம்பிவிடும். வனிலினும் மஸ்க்கும் கனமானவை, உட்கார்ந்த இடத்தை விடாது. பூ அதிகமுள்ள பாட்டில் சீக்கிரம் தீர்வது அதன் பிறவிக் குணம், கலப்படம் என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தது 'லவ்லி'. இதுவும் 2005, அப்போது வெளியிட்டது கோட்டி நிறுவனம். கட்டியவர்கள் லோரான் லெ கெர்னெக், கிளெமான் கவாரி என்று இருவர். அந்தக் கவாரிதான் பதின்மூன்று வருஷம் கழித்துக் 'கிளவுட்'டையும் கட்டினார். இரண்டிலும் மேலே லாவெண்டர் வைத்திருக்கிறார். 'கிளவுட்'டில் அதை க்ரீமுக்குள் அமுக்கிவிட்டார், 'லவ்லி'யில் வெளியே விட்டிருக்கிறார்.

முட்டை வடிவப் பாட்டில், வெளிறிய ரோஸ் நிறம். முதலில் லாவெண்டரும் ஆப்பிளும். இனிப்பு என்று சொல்லிவிட முடியாது, கசப்பும் கலந்திருக்கும். ஒரு மணி கழித்து ஆர்க்கிட், நார்சிஸஸ் என்று எழுதியிருக்கிற பூக்கள் பவுடர் பூசியது போல வருகின்றன. எந்தப் பூ என்று கேட்டால் சொல்லத் தெரியாது, பூ என்று மட்டும் தெரியும். நாலாவது மணியில்தான் இது தன் வேலையைக் காட்டுகிறது. மஸ்க்கும் தேவதாருவும் சேர்ந்து, வெயிலில் காய்ந்த பருத்தித் துணியை மடிக்கும்போது வருமே, அந்தச் சூடான சுத்தம். கொஞ்சம் இனிப்பு. மறுநாள் காலை கைக்குட்டையை எடுத்தபோது சென்ட் வாசம் என்றே தோன்றவில்லை. கைக்குட்டையே அப்படித்தான் மணக்கும் போலிருந்தது. பூவோடு சேர்ந்து நாரும் மணப்பது என்றால் இதுதான்.

ஆக என் தீர்ப்பு தயார்: தினமும் போட, வேலைக்குப் போட, யாரையும் தொந்தரவு செய்யாமல் இருக்க 'லவ்லி'. பூவே வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி அடித்துக்கொள்ளத் தயார் என்றால் 'அனாயிஸ் அனாயிஸ்'. இனிப்பில் குளிக்க 'ஃபேன்டஸி'. இனிப்பிலேயே நாகரிகம் வேண்டுமென்றால் 'கிளவுட்'.

இடையில் ஐந்தாவதாக ஒரு யோசனையும் வந்தது, பாடி மிஸ்ட். பெரிய பாட்டில், சின்ன விலை. ஆனால் அதில் வாசனைச் சரக்கு பெரும்பாலும் 3 சதவீதத்தைத் தாண்டாது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அடித்தால்தான் தெரியும், மாதக் கணக்கில் பார்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை. குளித்துவிட்டு வந்து பத்து நிமிஷம் குளுகுளுவென்று இருக்க ஆசைப்பட்டால் சரி.

இரண்டு பாட்டிலைச் சேர்த்தும் பார்த்தேன். உடுப்பின் உள்பக்கம் 'ஃபேன்டஸி' ஒரே அடி, கழுத்தில் 'அனாயிஸ் அனாயிஸ்' இரண்டு அடி. தங்கை கேட்டதற்கு மிக அருகில் வந்தது, நிஜமாகச் சொன்னால், இந்தக் கூட்டணிதான். கேக்குக்கு மேல் பூ வந்து உட்கார்ந்தது. இரண்டு பாட்டில் வாங்க வேண்டும் என்பதால் மூன்றாவது நிபந்தனை கவிழ்ந்தது.

வனிலின் அதிகமுள்ள எதையும் வெள்ளைத் துணியில் நேரே அடிக்காதீர்கள். வனிலின் நாளாக நாளாகப் பழுப்பேறும். பாட்டிலுக்குள் இருக்கும் திரவமே கருத்துக்கொண்டு வரும், துணியிலும் மஞ்சள் திட்டு விழலாம். நிறம் மாறியதாலேயே கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை, மோந்து பார்த்து முடிவு செய்யுங்கள். இன்னொன்று, பல வருஷத்துக்கு முன் பழகிய பாட்டிலை நினைவில் வைத்துக்கொண்டு புதியதை வாங்குகிறவர்கள் ஏமாறக் கூடும். பூ வாசத்துக்கு ஏராளமாகப் பயன்பட்ட லிலியால் என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 1 முதல் அழகுப் பொருள்களில் தடை செய்துவிட்டது. அதை நம்பியிருந்த கலவைகளையெல்லாம் மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. பெட்டியும் பெயரும் மாறாமல் உள்ளே மாறியிருக்கலாம். ஆகவே நினைவை நம்பாமல் இன்றைய பாட்டிலை மோந்து வாங்குங்கள், முதலில் கிடைக்கிற மிகச் சின்ன அளவை வாங்குங்கள்.

தீர்ப்பை எழுதிவைத்துக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டேன். பெயர் எதுவும் சொல்லவில்லை, முந்தின நாள் அடித்துவைத்த நாலு தாள் கீற்றுகள், பின்னால் எண் மட்டும். மூன்றாம் எண் கிளவுட், "நல்லாருக்கு, ஆனா பூ எங்க?" சரியாகச் சொல்கிறாளே என்று மகிழ்ந்தேன். நாலாம் எண் அனாயிஸ் அனாயிஸ், "ஏதோ பழைய பீரோ மாதிரி லேசா." மறுநாள் கீற்றில் அவ்வளவுதான் இருக்கும். இரண்டாம் எண், என் 'லவ்லி'. மூக்கில் வைத்தாள். திருப்பினாள். மறுபடி வைத்தாள்.

"அக்கா, இதுல ஒண்ணுமே அடிக்கலையே. வெறும் தாள்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அந்தக் கீற்று ஒரு முழ தூரத்திலேயே மணக்கிறது. புதிதாக ஒரு அடி அவள் கையில் அடித்தேன். லாவெண்டர் தெரிந்தது, ஆப்பிள் தெரிந்தது. ஒரு மணி கழித்துக் கையை நீட்டி, "போயிடுச்சு" என்றாள். நான் மோந்தேன். போகவில்லை, அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

சிலருடைய மூக்குக்குச் சில மஸ்க் வகைகள் எட்டவே எட்டாது. மூலக்கூறு பெரிதாக இருக்கும், பிடிக்கிற ஏற்பி அவர்கள் மூக்கில் சரியாக வேலை செய்யாது. மற்ற எல்லா வாசமும் சாதாரணமாகத் தெரியும், இது மட்டும் வெற்றிடம். படித்திருக்கிறேன், பக்கத்து அறையில் இருக்கும் என்று நினைக்கவில்லை. இரண்டு வாரம் நான் நாலாவது மணியை மோந்தேன், மறுநாள் காலையை மோந்தேன். போட்டுக்கொள்ளப் போகிறவளின் மூக்கைக் கேட்க மட்டும் மறந்துபோனேன். அடுத்தவருக்கு வாங்குகிறவர்கள், அதுவும் மஸ்க்கில் நிற்கும் பாட்டிலாக இருந்தால், இதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்: ஒரு அடி அடித்து, இரண்டு மணி கழித்து என்ன தெரிகிறது என்று அவர்களையே கேளுங்கள். இல்லாவிட்டால் தெரியவில்லையே என்று அவர்கள் மேலும் மேலும் அடித்துக்கொள்வார்கள், பக்கத்தில் இருப்பவர்கள்பாடு திண்டாட்டம்.

"மத்தவங்களுக்கு நல்லா தெரியும்டி, நீ போட்டுக்கிட்டா ரொம்ப நல்லாருக்கும்" என்று கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தேன்.

"எனக்கே வராத வாசத்துக்கு நான் எதுக்குக்கா காசு போடணும்?" என்றாள். பதில் இல்லை. முதல் எண் கீற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். 'ஃபேன்டஸி', சின்னப் பாட்டில், அவளுக்கு வாங்கியாயிற்று. ஒரு அடிக்கு மேல் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், இரண்டு அடிக்கிறாள்.

'லவ்லி' என்னிடம் தங்கிவிட்டது. காலையில் அடித்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று, "என்னக்கா, இன்னைக்கும் சென்ட் போடலையா?" என்று கேட்கிறாள்.